பச்சையாக வந்த முகங்கள்

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்தபோது, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. பிறந்தது கிளியனூர்ப் பக்கம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற வீடு. டிகிரி முடித்ததும் இடையஞ்சாவடியில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கிற ஒரு சின்ன ஆபீசில் கல்யாணம் வரைக்கும் வேலை பார்த்தேன். அங்கே எந்த மெஷினிலும் திருட்டு சிடி போடமாட்டார்கள். எல்லாமே லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள். யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டாம், யாருக்கு வேண்டுமானாலும் காப்பி போட்டுக் கொடுக்கலாம், வைரஸ் பயம் இல்லை. நான் கற்றுக்கொண்டதே அதில்தான்.

என் வீட்டுக்காரருக்கு மரக்காணம் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ. சுனாமி அலை வந்து போன சில மாதங்களில் எங்கள் கல்யாணம் நடந்தது. அப்போது அவர் பிலிம் கேமராவை ஓரமாக வைத்துவிட்டு டிஜிட்டலுக்கு மாறியிருந்தார். ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, யாரோ கொடுத்த விண்டோஸ் சிடியைப் போட்டு வைத்திருந்தார். எடுத்த படங்களை சிடியில் ஏற்றி, பாண்டிச்சேரி லேபுக்கு பஸ்ஸில் எடுத்துப்போய் பிரிண்ட் போட்டுக்கொண்டு வருவார்.

நான் வந்த புதிதில் அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, ஒரு காதுகுத்து விழாவின் படங்கள் முழுவதும் போய்விட்டன. அந்த வீட்டுக்காரர்கள் ஸ்டூடியோ வாசலில் நின்று கத்த, இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். அவர்கள் போனபிறகு நான்தான் சொன்னேன்.

"லினக்ஸ் போட்டுடலாங்க. இனிமே இந்தத் தொல்லையே இருக்காது. என்னை நம்புங்க."

நம்பினார். இடையஞ்சாவடியிலிருந்து கொண்டுவந்திருந்த சிடியைப் போட்டு மாற்றிக் கொடுத்தேன். படங்களைத் திருத்த அதிலேயே நல்ல மென்பொருள் இருந்தது. முகத்தில் வெளிச்சம் கூட்டுவது, பின்னால் இருக்கிற சுவரை எடுத்துவிட்டு நீலத் திரை வைப்பது எல்லாம் செய்து காட்டினேன். கடைக்கு வருகிறவர்களிடம் இவர், "நம்ம வூட்லதான் பண்ணாங்க" என்று சொல்வார். கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் இனிக்கும்.

அலைக்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் எதற்காவது போட்டோ வேண்டியிருந்தது. நிவாரணத்துக்கு, வங்கிக் கணக்குக்கு, உப்பளத் தொழிலாளர் அட்டைக்கு. எல்லாம் இன்றைக்கே வேண்டும் என்பார்கள். லேபுக்குப் போய்வந்தால் அடுத்த நாள் ஆகிவிடும். சொந்தமாக ஒரு போட்டோ பிரிண்டர் வாங்குவதென்று முடிவு செய்தோம்.

எந்தப் பிரிண்டர் லினக்ஸில் ஓடும் என்று பார்க்க நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதற்கென்றே ஒரு இணையப் பக்கம் இருந்தது. ஒவ்வொரு மாடலுக்கும் எதிரே நன்றாக ஓடுகிறது, சுமாராக ஓடுகிறது என்று போட்டிருப்பார்கள். கொஞ்சம்கூட ஓடாத மாடல்களுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர், காகிதம் பறக்காமல் வைக்கிற கல். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். நன்றாக ஓடுகிறது என்றிருந்த மாடல்களை மனப்பாடம் செய்துகொண்டு, அடுத்த நாள் இருவரும் பாண்டிச்சேரிக்குப் போனோம்.

கண்ணாடிக் கதவும் ஏசியும் வைத்த பெரிய கடை. நான் கேட்ட மாடல்கள் எதுவும் அங்கே இல்லை. "அதெல்லாம் போன வருஷமே நிறுத்திட்டாங்க மேடம்" என்றார் கடைக்காரர். புதிதாக வந்ததைக் காட்டினார். நான் நினைத்து வந்ததன் தம்பி மாதிரி ஒரு மாடல், பெயரில் கடைசி எழுத்துதான் வேறு.

"இது லினக்ஸ்ல ஓடுமாங்க?" என்று கேட்டேன்.

"எதுல?"

"லினக்ஸ்."

அவர் உள்ளே திரும்பி, வேலை செய்கிற பையன்களிடம், "டேய், லினக்ஸாம்டா. யாருக்காவது தெரியுமா?" என்றார். அவர்கள் சிரித்தார்கள். பில் போட நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், ஊர் ஒலகமே விண்டோஸ்ல ஓடுது. உங்க கம்ப்யூட்டர்ல யார் சார் இதப் போட்டு வச்சது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "நான்தாங்க. எனக்குத்தான் ஒரு ஆசை. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கடைக்காரர் இவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பட்டிக்காட்டிலிருந்து எதையோ அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்கிற பார்வை. என்மேல் விழ வேண்டிய அதை இவர் வாங்கிக்கொண்டு சிரித்தபடி நின்றார். நான்தான் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கடையை விட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது. கடைக்காரர், "எல்லாத்துலயும் ஓடும் சார், கவலைப்படாம எடுத்துட்டுப் போங்க" என்றார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த இணையப் பக்கத்தில் இந்த மாடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இணைத்தால், கம்ப்யூட்டர் அதைப் பிரிண்டர் என்றே கண்டுகொள்ளவில்லை. முந்தைய மாடலை ஓட்டுகிற டிரைவர் மென்பொருளைக் கொடுத்துப் பார்த்தேன். மெஷின் ஓசையெழுப்பிக்கொண்டு காகிதத்தை உள்ளே இழுத்தது. எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்தது எங்கள் கல்யாணப் படம். இவர் முகமும் என் முகமும் பாசி பிடித்த பச்சையில் இருந்தன. என் சிவப்புப் பட்டுப்புடவை கறுப்பாகியிருந்தது.

அதன்பிறகு எத்தனையோ விதமாக மாற்றிப் பார்த்தேன். சிவப்பைக் கூட்டினால் முகம் பழுப்பாகும், நீலத்தைக் குறைத்தால் உதடு மட்டும் பச்சையாக நிற்கும். அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்த உப்பளக்காரர் ஒருவர் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இன்னா என்னைப் பச்சோந்தி மாதிரி ஆக்கி வச்சிருக்கிற?" என்று கேட்டார். அவரோடு வந்தவர்கள் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்தார்கள். மறுபடியும் லேபுக்கு அனுப்பித் தருவதாகச் சொன்னோம். கடைத்தெருவில் அந்தக் கதை பரவிவிட்டது. பக்கத்துக் கடையில் டீ குடிக்கிறவர்கள் எங்கள் ஸ்டூடியோவைப் பச்சை ஸ்டூடியோ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் உள்ளே இருப்பது தெரிந்தே சொல்வார்கள்.

என் மாமியார் நேராக எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பெண்ணிடம், "படிச்ச பொண்ணு, எல்லாம் தெரியும்னு சொல்லித்தான் குடுத்தாங்க" என்றார். நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீர் வடிந்தபிறகும் கையை எடுக்காமல் நின்றேன்.

ஒருநாள் கடையில் யாரும் இல்லாதபோது, "பழைய விண்டோஸையே திருப்பிப் போட்டுடலாங்க. அதுல இந்த பிரிண்டர் ஓடும்" என்று நானே சொன்னேன்.

"வேணாம். அந்தக் காதுகுத்து வூட்டுக்காரங்க முன்னாடி நின்ன மாதிரி இன்னொரு வாட்டி நிக்க என்னால ஆவாது. வேற பிரிண்டர் பாக்கலாம்" என்றார் இவர். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வந்தார். கடலோரக் குப்பத்துப் பெண். வீடு போய்விட்டதால் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்த இடத்தில் இருந்தார். உப்பளத்தில் கூலிவேலைக்குப் போய்வருகிறவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். முந்தானைக்குள் ஒரு பாலிதீன் கவர் வைத்திருந்தார். அதற்குள், யாருடைய கல்யாணத்திலோ எடுத்த ஒரு குரூப் போட்டோ. கடல் தண்ணீரில் ஊறி, நிறங்கள் ஒன்றோடு ஒன்று கரைந்து, ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. பின்வரிசையில் நின்ற ஒருவரைக் காட்டினார்.

"இவருதாம்மா என் வூட்டுக்காரரு. வலை எடுக்கப் போன எடத்துல அலை அடிச்சிக்கினு போயிட்டுது. வேற படமே இல்லம்மா. இவர மட்டும் தனியா எடுத்துக் குடுக்க முடியுமா?"

என் வீட்டுக்காரர் அந்தப் போட்டோவை வெயில் படாத இடத்தில் வைத்து நன்றாகப் படம் எடுத்துக் கொடுத்தார். நான் பல நாள் அதில் உட்கார்ந்தேன். கரைந்த கன்னத்தை மறு கன்னத்திலிருந்து எடுத்துச் சரி செய்தேன். ஒரு கண்ணின் ஓரம் போயிருந்தது. அதைப் புள்ளி புள்ளியாக நிரப்பினேன். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு முகம் திரையில் தெளிந்து வந்தது. அந்தப் பெண்ணை வரச் சொல்லித் திரையில் காட்டினேன். அவர் கையெடுத்துத் திரையைத் தொட்டார். "அய்யோ, அவரேதான்" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். லேபில் போட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தில் இவ்வளவு நாள் உட்கார்ந்த வேகமோ என்னவோ, நிறங்களை ஓரளவு சரிக்கட்டிவிட்டேன் என்று நானே நம்பியிருந்தேன். பிரிண்ட் கொடுத்தேன். மெஷின் மெதுவாக, வரி வரியாக வெளியே தள்ளியது. முதலில் தலைமுடி வந்தது, சரியாக இருந்தது. அப்புறம் நெற்றி வந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிரிண்டரை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். முழு முகமும் வந்து விழுந்தது.

தண்ணீரில் கிடந்த ஒருவரின் நிறம் அது. அவரைக் கண்டெடுத்தபோது எப்படி இருந்தாரோ, எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும்.

அவர் கத்தவில்லை, அழவில்லை. படத்தைக் கையில் எடுக்காமலே, ரொம்பத் தாழ்ந்த குரலில், "என் வூட்டுக்காரரு இந்த நெறம் இல்லம்மா" என்றார். அப்புறம் நான் ஏதோ வருத்தப்படுவேன் என்று நினைத்த மாதிரி, "பரவால்லம்மா, நீ கஷ்டப்பட்டுதான் பண்ண" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். பழைய குரூப் போட்டோவை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

இவர் அந்தப் பிரிண்டைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். என் முகத்தைப் பார்க்காமலே பிரிண்டரின் வயரைப் பிடுங்கி வைத்தார். கடைத்தெருச் சிரிப்பு, மாமியார் பேச்சு இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது எனக்கு. அந்த வாரம் முழுவதும் கடைக்குள் இருந்தபடியே, வாசலில் யார் நிழல் விழுந்தாலும் அந்தப் பெண்ணோ என்று பயந்தேன்.

பிரிண்டரைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் பாண்டிச்சேரிக்குப் போனோம். கடைக்காரர் மெஷினில் எந்தக் குறையும் இல்லை என்று அவருடைய கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். அவர் கம்ப்யூட்டரில் அழகாகத்தான் வந்தது. எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் பிரிண்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா, "புது டிவியா பாப்பா?" என்று ஆசையாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

கடைசியில் இடையஞ்சாவடிக்குப் போனேன். அதுவரை அங்கே போகாமல் இருந்ததற்கும் வெட்கம்தான் காரணம். கல்யாணத்துக்கு விடைபெறும்போது, எங்கள் ஸ்டூடியோவையே மாற்றிவிடப் போகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். என்னோடு வேலை பார்த்த தோழி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றாள். அவள் ஒரு சிடி கொடுத்தாள். அந்த சிடியைப் போட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலும் எதையும் பதியாமல் சிடியிலிருந்தே லினக்ஸ் ஓடும். வெளியே எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் பழையபடி இருக்கும். "இதக் கடைக்கே எடுத்துக்கினு போ. அங்கியே போட்டு, அங்கியே பிரிண்ட் எடுத்துப் பாத்துட்டு வாங்கு" என்றாள். அவளுடைய பென் டிரைவையும் இரவல் வாங்கிவந்து, எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அந்த மீனவரின் படத்தை அதில் ஏற்றிக்கொண்டேன். நிறம் சரியா என்று பார்க்க வேறு எந்த முகத்தையும்விட அந்த முகம்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த சிடியோடு ஏறி இறங்கிய கடைகள் பல. வைரஸ் கொண்டுவந்திருக்கிறோமோ என்று சந்தேகப்பட்டு ஒருவர் கவுண்டருக்கு இந்தப் பக்கமே விடவில்லை. இன்னொருவர் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் போலீஸ் கேசாயிடும்மா" என்றார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு கடையிலும் எனக்கு முன்னால் போய், "ஒண்ணும் ஆவாதுங்க, ரெண்டு நிமிஷம்தாங்க" என்று கெஞ்சினார். மூன்றாவதோ நான்காவதோ கடையில் என்னை அறியாமல், "இவர் இல்லங்க. நான்தான் கேக்குறேன். எங்க கம்ப்யூட்டர்ல லினக்ஸ் போட்டதும் நான்தான்" என்றேன். அந்தக் கடைக்காரரும் முடியாது என்றுதான் சொன்னார். ஆனால் வெளியே வந்ததும் இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு நேராகப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைசியாக ஒரு சந்துக்குள் இருந்த ரிப்பேர் கடை. பழைய மானிட்டர்களும் பிரிண்டர்களும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கடைக்காரர் டிபன் கேரியரைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னவோ போட்டுப் பாருங்க, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுச் சாம்பாரை ஊற்றிக்கொண்டார். அடுக்கில் கீழே, நான் மனப்பாடம் செய்திருந்த பழைய மாடல்களில் ஒன்று இருந்தது. மேல் மூடியில் விரிசல், தூசி. துடைத்து வைத்து, சிடியைப் போட்டேன். கம்ப்யூட்டர் அந்தப் பிரிண்டரின் பெயரைத் தானாகவே எழுதிக் காட்டியது.

நெற்றி வந்தபோது நான் பார்க்கவில்லை. இவர்தான் பார்த்தார். "மனுஷ நெறமா வருது" என்றார்.

கடைக்காரர் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாங்கள் கையோடு கொண்டுபோயிருந்த புதிய பிரிண்டரைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு இதைத் தருவதாகச் சொன்னார். சம்மதித்தோம். விரிசல் விட்ட மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது என் மாமியார் தலையில் கைவைத்து, "புதுச குடுத்துட்டுப் பழச வாங்கியாந்திருக்குதுங்க, ரெண்டும்" என்றார். அது நியாயமான பேச்சுதான். நான் மெஷினை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

படத்தை நல்ல தாளில் போட்டு, கவரில் வைத்து, நானே தகரக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோனேன். அவர் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கவரைப் பிரிக்கும்போது அவர் முகத்தில் ஒரு பயம் வந்து போனதைப் பார்த்தேன். அதை உண்டாக்கியது நான். படத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அவர்கள் கலைந்தபிறகு என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? திட்ட மாட்டியே?"

"கேளுங்கக்கா."

"நாங்க ரெண்டு பேரும் சேந்து ஒரு படம்கூட எடுத்ததில்ல. பக்கத்துல என்னையும் வச்சிக் குடுப்பியா?"

முடியும் என்றேன். அவர் இன்னும் கையை விடவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "பொட்டு வச்சிக்கினு எடுக்கலாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம், கடைத்தெரு ஓய்ந்திருக்கிற மத்தியான வேளையில் வந்தார். டீக்கடையில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தபடியே படியேறினார். நான் ஷட்டரைப் பாதி இறக்கித் திரையையும் இழுத்துவிட்டேன். அவர் இடுப்பில் செருகியிருந்த சின்னப் பொட்டு அட்டையை எடுத்தார். கண்ணாடி முன் நின்று ஒரு சிவப்புப் பொட்டை உரித்து நெற்றியில் வைத்தார். சரியான இடத்தில் அமையவில்லை. இரண்டு தரம் எடுத்து வைத்தார். இவர் வேறு பக்கம் திரும்பி லைட்டைச் சரி செய்துகொண்டே இருந்தார்.

"இங்க பாருங்கக்கா" என்று இவர் சொன்னதும் நிமிர்ந்தார். அவர் கண்ணில் இருந்த கூச்சம் எனக்குப் புதிதில்லை. அத்தனை நாளாக நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்ததுதான். ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை, எந்தப் பெருமையும் பேசவில்லை. புருஷன் பக்கத்தில் நிற்க ஆசைப்பட்டதற்கு அவ்வளவு கூச்சம். என்னுடைய வெட்கத்தை நினைக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவரை உட்காரவைத்தே இரண்டு முகங்களையும் ஒன்றாக்கினேன். நீலத் திரை வைத்தேன். தோளோடு தோள் உரசுகிற மாதிரி நெருக்கி வைக்கச் சொன்னார், வைத்தேன். படம் வெளியே வந்ததும் கையில் வாங்கி ஊதி ஊதி உலர்த்தினார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி நல்ல மாநிறம் வந்திருந்தது. "நெறம் சரியா இருக்குதாக்கா?" என்று கேட்டேன். "கொஞ்சம் செவப்பா காட்டியிருக்கிற. பரவால்ல, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

படத்தைக் கவரில் போட்டு முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பொட்டை நகத்தால் பெயர்த்தெடுத்து, நெற்றியை அழுத்தித் துடைத்தார். கொஞ்சம் சிவந்துவிட்டது. "தெரியுதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நான் ஷட்டரைத் தூக்கிவிட்டதும் வெயிலில் இறங்கிக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.